வில்லங்கச் சான்று

பாளையங்கோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
என் மேசை.
பத்தொன்பது வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
'இந்நாள் முதல் தாங்களே
சர்வ சுதந்திர பாத்தியமாய்
சூரிய சந்திரர் உள்ளவரை
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது'
என்று அடிக்கையில்
விரல்கள் என்னைக் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவள்
போன ஆவணியில் ஒரு படம் வாங்கினேன்,
செல்போனில், நானூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு.
பொத்தானில் 'வாங்கு' என்றுதான் போட்டிருந்தது.
நல்ல படமில்லை.
நாயகன் நயினார்குளம் மார்க்கெட்டில்
வெங்காய மூட்டைகள் மேல் ஓடுவான்.
நாற்பத்தோராம் நிமிஷம்
தராசுக்குப் பக்கத்தில் நின்று
பிடரியைச் சொறிகிறவன் என் தம்பி.
பதினோரு விநாடி.

அவனும் நானும் பேசி ஆறு வருஷம்.
மானூர்ப் பக்கம் ஒன்றே கால் ஏக்கர்,
கிணற்றில் நாலில் ஒரு பாகம்,
வாய்தா, வாய்தா, வாய்தா.
ராத்திரி ஏனம் கழுவி வைத்துவிட்டு
அந்தப் பதினோரு விநாடியைப் போடுவேன்.
சில நாள் வாய்விட்டுத் திட்டுவேன்.
அவன் பாட்டுக்குச் சொறிந்துகொண்டிருப்பான்.

ஐப்பசியில் ஒரு நாள் படத்தைக் காணோம்.
'இது தங்கள் பகுதியில் கிடைக்காது.'
என் பகுதியா?
என் பகுதி எது என்றுதானே
கோர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் ஷரத்துகளை வாசித்தேன்,
கையில் பென்சிலோடு, நாற்பத்தேழு பக்கம்.
வாசிக்காமக் கையெழுத்துப் போடாதீக என்று
வருகிறவர்களையெல்லாம் வைகிறவள்
வாசிக்காமல் 'சம்மதம்' அமுக்கியிருக்கிறேன்.
கிரயம் என்ற சொல் எங்கும் இல்லை.
நான்கெல்லை இல்லை. சாட்சி இல்லை.
உரிமமாம்.
எந்த நாளும் திரும்பப் பெறலாமாம்.
பிறருக்குக் கொடுக்கக் கூடாது,
எனக்குப் பின் வாரிசுக்கும் கிடையாது.
ஒத்திக்கு விட்ட நிலத்தைக்கூட
பணத்தை எண்ணி வைத்தால்தானே மீட்க முடியும்?
வாசலில் கிரயம் என்று பலகை,
உள்ளே போனால் தயவு.
இப்படி ஒன்றை நான் எழுதிக் கொண்டுபோனால்
சார்பதிவாளர் மூஞ்சியில் எறிவார்.

மேலப்பாளையத்தில் மைதீன் பிச்சை,
முன்பு மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுத்தவர்.
போலீஸ் ஒருதரம் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போனது.
இப்போது செல்போன் உறை விற்கிறார்.
'காசு கொடுத்து வாங்கினது, ரசீது இருக்கு' என்றேன்.
'ஒங்ககிட்ட ரசீது இருக்கு, படம் இல்ல.
எங்கிட்ட படம் இருக்கு, ரசீது இல்ல.
இதுல யாருக்கா களவாணி?'
கல்லாவுக்கு அடியில் துழாவி
பல்லிமுட்டையோடு ஒரு பென்டிரைவ் எடுத்தார்.
துடைத்துக் கொடுத்தார். காசு வேண்டாமென்றார்.
வாங்கியிருந்தால் நிம்மதியாய் இருந்திருக்கும்.
தான செட்டில்மெண்டா, திருட்டா,
என்ன தலைப்பு எழுதுவது இதற்கு?

படம் எடுத்தவனுக்கும் கடன் இருந்திருக்கும், தெரியும்.
தம்பிக்கும் அன்றைக்கு
முந்நூறு என்று பேசி இருநூறுதான் கொடுத்தார்கள்.
அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்தான்,
வந்து சொன்னான்.

தியேட்டரில் யாரோ மடியில் வைத்து எடுத்தது.
திரை கோணல். இருமல். ஒரு பிள்ளையின் அழுகை.
நாற்பத்தோராம் நிமிஷம்
மூட்டை, தராசு, தம்பி,
கை பிடரிக்குப் போகிறது,
முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து
குனியாமல் நடந்து போகிறான்.
நாலு விநாடி அவன் தலை.
மீதி ஏழு எனக்கு.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.
இப்போதெல்லாம் அந்தத் தலையையும்
அடையாளம் தெரிகிறது.
வலது காதுக்கு மேல் ஒரு சுழி.
டிக்கெட் வாங்கித்தான் வந்திருப்பான் அவன்.