காந்தம்

கூத்தாநல்லூர் அரவை மில்லுக்குப் பின்னால்
தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றது
அறுபத்தொன்பதாம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.
"ஒரே கை ஓட்டின வண்டி" என்றார் அலாவுதீன் ராவுத்தர்.
எந்தக் கை என்று சொல்லவில்லை.

கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தோடு போயிருந்தேன்.
பானெட்டில் ஒட்டியது.
இடது கதவில் வைத்தேன், வழுக்கி விழுந்தது;
பாதிக் கதவு வெறும் பட்டி.
லூர்துசாமி அடியில் படுத்து
ஸ்க்ரூடிரைவரால் தளத்தைக் குத்தினான்.
அப்பளம்.
ஓட்டை வழியே அவன் கண் மட்டும் தெரிந்தது.
"வேணாம் டீச்சர்."

சீட்டுக்கடியில் எந்த வெள்ளமோ விட்டுப்போன வண்டல்,
கோடை வெண்ணாறு மாதிரி வெடித்து.
அதில் ஒரு நெல் முளைத்துக் காய்ந்திருந்தது.

எண்பதில் தொடங்கியிருக்க வேண்டும் நான்.
பேரம் பேச வாய் திறந்தேன்;
"ஹாரன் அடிக்குதா?" என்றுதான் வந்தது.
லூர்து கொண்டுவந்த பேட்டரியில் அடித்தது.
மில் புறாக்கள் அத்தனையும் எழும்பின.
சீட்டுப் பணம் ஒரு லட்சத்துப் பத்தையும்
எண்ணாமலே கொடுத்தேன். அவர் எண்ணினார், இரண்டு முறை.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள்.
எஞ்சின் சத்தமில்லாத வண்டியில்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான்;
கைப்பைக்குள் காந்தம்
சாவி வளையத்தைக் கவ்விக்கொண்டு விடவில்லை.
லெட்சுமாங்குடிப் பாலம் ஏறினோம்.
பிரேக் கிடையாது என்பது
இறக்கத்தில்,
டிராக்டரின் முதுகு நெருங்கும்போதுதான்
நினைவுக்கு வந்தது.