பதினாலு நிமிஷம் சொச்சம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் மினி கம்ப்யூட்டருக்குச்
சொந்தமாகக் கடிகாரம் கிடையாது.
உள்ளே ஒரு சின்ன அட்டை,
அதிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு ஒயர்.
மின்சாரம் ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒன்று.
ஐம்பது எண்ணினால் ஒரு விநாடி.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த காலம்.

மின்வாரியம் ஐம்பது தந்தால் சரி.
சித்திரையில் யார் தந்தார்கள்?
கொரட்டூரில் மோட்டார், வில்லிவாக்கத்தில் ஃபேன்,
பாடியில் அத்தனை லேத்தும் ஒன்றாகச் சுழல
நாற்பத்தெட்டரைக்கு இறங்கும் கரண்ட்.
இயந்திரமோ ஐம்பது வரும்வரை
விரலை மடக்கிக்கொண்டு காத்திருக்கும்.
விநாடி ஒவ்வொன்றும் மத்தியானத் தார்ரோடு மாதிரி
கொஞ்சம் இளகும்.

எட்டு மணி நேர ஷிப்டுக்குப்
பதினாலு நிமிஷம் சொச்சம்.

சங்கு அதன் கையில். கேட்டில் அட்டை குத்தும் பெட்டியும்.
திருவள்ளூர் கடைசி வண்டி மட்டும்
ரயில்வேயின் கையில்.

ஃபிட்டர் தணிகாசலம் ஒரு ராத்திரி
கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
ஏசி குளிருக்குத் தோளைக் குறுக்கி நின்றார்.
இடது மணிக்கட்டை மட்டும் நீட்டினார்.
"மேடம், என் வாட்ச்சுல பதினொண்ணு அஞ்சு.
உங்க மெஷின்ல?"
பத்து ஐம்பது.
"சங்குக்கு முன்னாடி குத்தினா கால் நாள் சம்பளம் போவுது.
பின்னாடி குத்தினா வண்டி போவுது."

மேனேஜர் ரங்கபாஷ்யத்திடம் கணக்கைக் காட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், பெருக்கல் பதினாலு.
ஒரே ஷிப்டில் எழுபத்திரண்டு மணிக்கு மேல்.
"நாமளா எடுத்தோம்? கரண்ட்காரன் எடுத்தான்" என்றார்.
செய்த போல்ட்டுகள் மட்டும்
கரண்ட்காரன் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் முதல் ராத்திரி பத்தரைக்குக்
கன்சோலில் ஒரு வரி தட்டுவேன்.
பத்து பதினாறிலிருந்து பத்தரைக்கு ஒரே தாவல்.
நடுவிலிருந்த நிமிஷங்களில்
ஆலையில் யாரும் இருமக்கூட இல்லை,
ரிப்போர்ட்டின்படி.

ஆடியில் பெங்களூரிலிருந்து குரியன் வந்து
குவார்ட்ஸ் வைத்த அட்டையைச் சொருகினார்.
இனி ஊர் எப்படித் திணறினாலும்
இதற்குத் தெரியாது என்றார், பெருமையாக.
தெரியவில்லைதான்.

ஆனால் கரண்ட் போய் வந்தால்
அதுவும் பழையதைப் போலவே
தேதி என்ன, மணி என்ன என்று கேட்கும்.
ஜன்னலில்லாத அந்த அறையில்
நான் தட்டுவதுதான் மணி.
உனக்கெப்படித் தெரியும் என்று
ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.