குமிழிக்குப் பதினைந்து ரூபா

பறவைகளை நான் கீறுவதில்லை.
கீறுகிறவன் ஜெகசோதி,
பருத்தித்துறை மினிபஸ்ஸில் கொண்டக்டர்.
அச்சுவேலிப் பக்கம் றோட்டு இன்னும் போட்டு முடியவில்லை.
அதனால்தான் எங்கள் புலுனிகளுக்கு
எந்த நேரமும் செட்டை சிலிர்த்தபடி.
வாசிக்கிறவர்கள் அதைக் கோபம் என்று நினைக்கிறார்கள்.

என் வேலை சொண்டுக்கு வெளியே.
வெள்ளைக் குமிழி, அதற்குள் எழுத்து,
குமிழிக்குப் பதினைந்து ரூபா.
கத்தினால் தடித்த பேனை,
முணுமுணுத்தால் மெல்லியது,
பொய் சொன்னால் எழுத்து கொஞ்சம் சரியும்.
சொண்டன் பேசினால் முழுப்பக்கமும் சரிந்தே கிடக்கும்.
குறுவால் உண்மைதான் பேசுவான்,
பேசக்கூடாத நேரம் பார்த்து.

போன மாதம் இரண்டும் சேர்ந்து
கொக்கு விதானையாரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
மீன்சந்தைத் தராசில் வைத்து
அரைக்கிலோ சூடைக்கு மாற்றிவிட்டார்கள்.
"மிச்சக்காசைத் தாங்கோ" என்றான் சொண்டன்.
அந்த ஒரு வரிக்கு
கைதடியிலிருந்து ஒரு பெடியன் தபாலட்டை போட்டிருந்தான்:
"புலுனி தாங்கோ எண்டு கேக்காது. தா எண்டுதான் கேக்கும்.
எங்கட வளவில ஏழு நிக்குது, எனக்குத் தெரியும்."
அடுத்த இதழிலிருந்து
மரியாதையைக் குறைத்துக்கொண்டேன்.

அச்சகத்தில் காலையில் கல்வெட்டு,
பின்னேரம் புலுனி. பேனை ஒன்றுதான்.
ஒருநாள் ஃபேன் காற்றில் துண்டுகள் கலந்து
முப்பத்தோராம் நாள் மலரின் நாலாம் பக்கத்தில்
கோட்டுப் போட்ட அமரர் நமசிவாயம்
முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார்:
"ஐயோ, என்ர வாலை விடடா!"
முதலாளி வேர்த்து விறுவிறுத்து மன்னிப்புக் கேட்கப் போனார்.
மனிசி அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு
இன்னும் ஐம்பது பிரதி அடிக்கச் சொன்னாவாம்.

சண்டை வந்தது இந்த மாதம்தான்.
ஏழாம் பக்கத்தில், சொண்டனின் செட்டைக்குள்,
உருண்டையாய், கறுப்பாய், திரி புகைய
ஒரு குண்டு.
அடுத்த கட்டத்தில் புகை.
அதற்கடுத்ததில் கொக்கர் கரிபிடித்து இருமுகிறார்.
நடுவில் ஒரு நட்சத்திரக் குமிழி, வெறுமையாய், எனக்காக.
"சத்தத்தை நீ போடு" என்றான் ஜெகசோதி.

பேனையின் மூடியைக் கழற்றினேன்.
திரும்பப் போட்டேன்.
எனக்குத் தெரிந்த சத்தம் எழுத்துக்குள் வராது,
வந்தாலும் பகிடியாய் வராது.
"இது பகிடிக்குண்டு" என்றான்.
"வாசிச்சுக் காட்டுற அம்மாமாருக்கு அதை ஆர் சொல்லுறது?"

கனநேரம் ரிக்கெற் புத்தகத்தைத் திறந்து மூடினான்.
பிறகு அழிறப்பரை எடுத்துத்
திரியை அழித்தான்,
புகையை அழித்தான்,
உருண்டையின் தலையில் மூன்று இதழில் ஒரு தொப்பி வைத்தான்.
பனம்பழம்.
கறுப்பை மாற்ற வேண்டியே இருக்கவில்லை.
நட்சத்திரத்துக்குள் "தொப்" என்று எழுதினேன்,
கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் நசுங்கி.

ஆனால் பழத்தைக் கண்ட புலுனி
கதையைக் கவனிக்குமா?
மயங்கிக் கிடக்கும் கொக்கரின் வயிற்றில் ஏறி நின்று
இரண்டும் சூப்பத் தொடங்க,
களியும் தும்பும் சொண்டில் ஒட்டி
வாய் திறக்க வழியில்லாமல்
எட்டுக் கட்டம்!
எட்டுக் கட்டத்திலும் ஒரு குமிழி இல்லை.
நூற்றிருபது ரூபா.
ஜெகசோதி குனிந்துகொண்டு சிரிக்கிறான்,
தோள் குலுங்குவது தெரியாதென்று நினைத்து.

விடுவேனா?
கடைசிக் கட்டத்தில், குறுவாலின் ஒட்டிய சொண்டுக்கு மேலே
ஒரு புளியங்கொட்டை அளவு இடம் இருந்தது.
குமிழியை நானே கீறினேன்.
உள்ளே, மெல்லிய பேனையால்,
"ம்."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப்
பக்கத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.
"இதுக்குமா பதினைஞ்சு?"

"ஓம்" என்றேன்,
எழுத்துச் சரியாமல்.