ஐயம்

ஆன்ட்வெர்ப். பிப்ரவரி. கல்யாணச் சமையலுக்குப்
பதினொரு பெட்டி குடைமிளகாய் வந்து இறங்கியது.
அட்டையில் அராவா பாலைவனத்து முகவரி.
சுங்கத்துக்குச் சேரவேண்டியதைக் கட்டியாயிற்று,
ரசீது இருக்கிறது.
மண்ணின் தசமபாகத்தை எடுத்தார்களா?
அதற்கு முத்திரை இல்லை.

ஃப்ரேடல் ஏற்றுமதிக்காரனுக்குப் போன் போட்டாள்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
‘கடல் தாண்டியுமா கடன்?’ என்றான் கணவன்.
வைரம் பட்டை தீட்டுபவன்,
லென்ஸுக்குத் தெரியாததை நம்பமாட்டான்.

சந்தேகச் சரக்கு; ஆசிமொழி கிடையாது.
நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து
காகிதத்தில் இரண்டு சுற்று சுற்றி
குப்பைக்கூடையில் வைத்தாள்.
வைத்தாள், போடவில்லை.
வடபுறம் இருப்பது லேவியனுடையது என்றாள்.

இது மூன்றாம் வருஷம்.
தென்புறம் இருப்பது ஏழையுடையது.
பெயர் சொன்னால் போதும், கொடுக்க வேண்டாம்:
ஐயம் இருக்கும்போது
தன்னுடையது என்று ஏழைதான் நிரூபிக்க வேண்டும்.
சட்டம் அப்படி.
சட்டத்தை அவள் மீறியதே இல்லை.

பின்வாசலில் ஸெலிக்
காலி அட்டைகளை மிதித்து மடக்குகிறான்,
ஒரு கைக்கு மட்டும் உறை.
எதையும் நிரூபிக்க அவன் வரவில்லை.
ஜனவரிச் சம்பளத்தைக்கூடக்
கேட்காமல் நிற்கிறான்.

ஐயம் என்றால் சந்தேகம்,
ஐயம் என்றால் பிச்சையும்தான்
என்கிற மொழி ஃப்ரேடலுக்குத் தெரியாது.
ஆனாலும் கத்தியை எடுத்தவள்
கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

பிறகு
தென்புறத்து மிளகாய்களை
முதலில் நறுக்கினாள்.