புள்ளிக்குப் பிறகு

நான்கு புள்ளி ஒன்பதுக்கு அடுத்து
நான்கு புள்ளி பத்து என்று எழுதி அனுப்பினேன்.
சத்துவாச்சாரியில் ஆறிக்கொண்டிருந்த டீயை எடுப்பதற்குள்
மருத்துவமனையிலிருந்து எபனேசர் சாரின் அழைப்பு.
"ஏறிக்கொண்டே வந்தது, திடீரென்று இறங்குகிறதேம்மா.
நாலு புள்ளி பத்து என்றால் நாலு புள்ளி ஒன்றுதானே?
என்றைக்கோ கழித்துப்போட்டதையா
திரும்ப எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்?"

முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவர்.
தசமம் இல்லை சார், கதவு எண் மாதிரி, என்றேன்.
ஒன்பதாம் வீட்டுக்கு அடுத்தது பத்தாம் வீடு.
"அப்படியென்றால் நடுவில் புள்ளி எதற்கு?"

பதில் வரவில்லை.
அன்றைக்கு வேலூர் வெயில் நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது.
இன்னும் கொஞ்சம் ஏறினால்
நாற்பத்தொன்று புள்ளி பத்து என்று
எந்தச் செய்தியிலும் வாசிக்க மாட்டார்கள்.

பிறகு தேதி.
வெள்ளி கூடாது, உடைந்தால் ஞாயிறு யார் வருவது.
செவ்வாய் கூடாது என்றார் முதலாளி, காரணம் சொல்லவில்லை.
மாதக் கடைசி பில் பிரிவுக்குச் சொந்தம்.
புதன், ஆம்பூரில் சுஹைலின் தங்கைக்கு நிக்காஹ்.
மிஞ்சியது வியாழன் விடியுமுன் ஒரு சந்து:
இரண்டேகாலிலிருந்து நான்கு வரை.
கடைசி ஆள் டயாலிசிஸ் முடிந்து எழுந்துபோய்
முதல் ஆள் வந்து படுப்பதற்குள்
பதினாறு இயந்திரங்களும்
தம்மைத் தாமே கழுவிக்கொள்ளும் நேரம்.
"நாலுக்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது," என்றார் சிஸ்டர் ஜெபக்கனி.
"காட்பாடியில் வடக்கத்தி வண்டி நின்றால்
பெட்டியோடு நேரே இங்கேதான் வருவார்கள்."

காந்தி ரோட்டில் விடுதிகளின் வங்காளிப் பலகைகள்
பாதி அணைந்திருந்தன.
சுஹைல் பந்தலிலிருந்து அப்படியே வந்திருந்தான்,
சட்டையில் அத்தர், கையில் பிரியாணிப் பொட்டலம்.
இரண்டு நாற்பதுக்கு எல்லாம் பச்சை.
பொட்டலத்தைப் பிரித்தோம்.

மூன்று ஐந்துக்கு ஜெபக்கனி:
"டோக்கன் ஒன்று கூப்பிட்டது, சரி.
அடுத்தது பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
இரண்டாம் எண்காரர் வந்தால் நான் என்ன சொல்ல?"

எண்ணை எழுத்தென்று வாசித்திருக்கிறது நிரல்.
பத்தின் முகப்பில் நிற்கும் ஒன்றை மட்டும் பார்த்து
இரண்டுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டது.
எபனேசர் சாருக்கு நான் விளக்கியதை
அதற்கு யாரும் விளக்கவில்லை.

நெய்க் கையைத் துடைத்துக்கொண்டு
சுஹைல் மாற்றியது ஒரே ஒரு வரி.
மூன்று நாற்பத்தெட்டு.
"என்ன எண் போட?" என்றான்.
நான்கு புள்ளி பத்து புள்ளி ஒன்று.

இந்த மூன்றாம் எண்ணுக்கு
யாரும் நாள் குறிப்பதில்லை.
முதல் எண்ணை முதலாளி மாலை போட்டு அறிவிப்பார்.
இரண்டாவதற்காக ஏழு பேர் நாட்காட்டியைக் கிழிப்போம்.
இது மட்டும், தப்பு எங்களுடையது என்று
ஒப்புக்கொள்ளும் நிமிஷத்தில்
தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.
தலையில் புள்ளி வைத்தால் மெய்யெழுத்து என்று
ஒன்றாம் வகுப்பில் ஒப்பித்தது
அந்த நேரத்தில் ஏனோ ஞாபகம் வந்தது.
எபனேசர் சாரிடம் சொல்லலாம்.
கணக்கில் இலக்கணம் செல்லாது என்பார்.

மூன்று ஐம்பத்தேழு.
ஒன்று. இரண்டு. மூன்று.
தொலைபேசியில் ஜெபக்கனி எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பத்து வந்தது, ஒன்பதுக்குப் பிறகு.
பத்தாம் எண்காரர் ஹிந்தியில் ஏதோ கேட்டார்.
இன்னும் நேரம் இருக்கிறதா என்று இருக்கலாம்.
அவர் மடித்து வைத்துக்கொண்ட சீட்டின் அடியில்
எறும்பளவில் அச்சாகியிருக்கும்
எங்கள் ஒப்புதல்.

வெளியே கோட்டை அகழியில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.
வண்டியை உதைக்கும்போது குறுஞ்செய்தி, எபனேசர் சார்:
"நன்றாக ஓடுகிறது. அடுத்தது நாலு புள்ளி இரண்டுதானே, எப்போது?"

'இல்லை சார்' என்று தொடங்கி, அழித்துவிட்டு
தேதியை மட்டும் அனுப்பினேன்.