வாஷர்

விழுந்த சத்தம் கேட்கவில்லை.
அதுதான் சிக்கல்.
சிமெண்ட் தரையில் பட்டிருந்தால்
ணிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கும்
நானும் குனிந்து எடுத்திருப்பேன்.

பின் கார்பரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
அது இருந்த இடத்தில்
பெருவிரல் தாராளமாக நுழையும் ஒரு வாய்.
நாலு, ஐந்து, ஆறு
மூன்று சிலிண்டர்களுக்கும் அங்கிருந்துதான் பாதை பிரிகிறது.
கிரீஸ் விரலால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு
டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.
எண்ணெய் மினுக்கியது. வேறொன்றும் சொல்லவில்லை.

எழுபத்திரண்டாம் வருடத்து டாட்சன்.
ஓமாருவில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பவரிடம் வாங்கியது.
இருக்கையைத் தட்டினால்
இன்றைக்கும் கம்பளி பறக்கும்.
டனீடனில் எங்கள் தெரு
சாய்த்து வைத்த ஏணி மாதிரி.
போன வாரம் அதில் பாதி ஏறியதும்
வெள்ளையாகப் புகைவிட்டு நின்றது.
கார்பரேட்டராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.
சுத்தம் செய்வது சுலபம் என்பதால்
அப்படி நினைத்தேன்.

பக்கத்து வீட்டு லாக்லன்
நீட்டி மடக்கும் காந்தக்குச்சியோடு வந்தான்.
பகலெல்லாம் தபால் போடுகிறவன்,
சின்னத் துவாரங்களில் பழக்கமுண்டு.
அரைமணி நேரம் துழாவினான்.
கரித்தூள் வந்தது.
1981-ஆம் வருடத்து நாணயம் ஒன்று
பேட்டரித் தட்டுக்கு அடியிலிருந்து வந்தது.
"விடு நைரீ, ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்,
இருந்தால் சத்தம் போடும்" என்றான்.

சத்தம் போடும்.
ஒரே ஒரு தடவை போடும்.

வாரத்தில் ஐந்து நாள்
மனிதர்களுக்குள் பார்ப்பது என் வேலை.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், அசையாதீர்கள்.
விழுங்கிய சாவி, மூக்கில் போன பாசி,
இடுப்பில் பத்து வருடமாய் இருக்கும் திருகாணி
எல்லாம் வெள்ளையாய்த் தெரியும்.
இதன் உள்ளே பார்க்க
எனக்குப் படமில்லை.

ஐந்தாவது பிளக்கைக் கழற்றி எட்டிப் பார்த்தபோது
அடியில் ஏதோ பிறைபோல் பளிச்சிட்டது.
சரி, தலையைத் திறந்துவிட வேண்டியதுதான்.

டைமிங் செயின் நழுவி உள்ளே விழாமல்
உடைந்த கிரிக்கெட் மட்டையில் சீவிய ஆப்பை
மேலிருந்து இறக்கி இறுக்கினேன்.
அதன்பின் அந்தப் பக்கமே கை வைக்கவில்லை.
ஆப்பசைத்த குரங்குக்கு நேர்ந்ததை
யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.
பதினான்கு போல்ட்,
ஓரத்திலிருந்து நடுவுக்கு,
ஒவ்வொன்றும் கால் திருப்பு.
பதினொன்றாவது மட்டும் முனகியது,
நானும் கூடச் சேர்ந்து முனகினேன்.
இருவருமாய்த் தூக்கிப் பலகையில் வைத்தபோது
மணி பத்தே முக்கால்.
வெளியே தெற்குக் காற்று
தகரக் கதவை முட்டிக்கொண்டிருந்தது.

ஆறு பிஸ்டன்.
ஆறும் காலி.
பிறை என்று பார்த்தது
ஒரு சொட்டு எண்ணெய்.

ஆனால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
கேஸ்கட் கருகி
தீக்குச்சி அகலத்துக்குப் பாதை விட்டிருந்தது.
வெள்ளைப் புகைக்கு அதுதான் காரணம்.
கார்பரேட்டர் பாவம், நிரபராதி.
லாக்லன் விசிலடித்தான்.
"அப்ப வாஷர்?" என்றான்.
பிஸ்கட் டப்பாவை மூடினேன், பதில் சொல்லவில்லை.

தலைக்குக் குளிக்காமல் தூங்கி
திங்கள் காலை ஏழு மணி ஷிஃப்ட்.
காந்த ஸ்கேன் அறையின் வாசலில்
உலோகம் மோப்பம் பிடிக்கும் தூண் ஒன்று உண்டு.
ஆயிரம் தடவை பச்சையாகவே என்னை விட்டிருக்கிறது.
இன்று சிவந்தது.
பின்வாங்கி மறுபடி நடந்தேன். மறுபடியும் சிவப்பு.
பேனா இல்லை, சாவி இல்லை,
காதில் இருந்ததையும் கழற்றியாயிற்று.
வரிசையில் இருந்த முதல் நோயாளி
முட்டி வலியை மறந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாவிட்டா கைக்கருவியை
காலிலிருந்து மேலே கொண்டுவந்தான்.
தோள் வரை மௌனம்.
கொண்டையருகே வந்ததும் அலறியது.
இரண்டு விரலை விட்டு
பிசுக்கோடு பிசுக்காய் ஒட்டியிருந்ததை எடுத்து
உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.
வட்டம். நடுவில் ஓட்டை.
எட்டு மில்லிமீட்டர்.

"இது உன்னுடையதா?"

என் தலை சரியாகவே பூட்டியிருந்தது.
அதன் தலை வீட்டில், பலகைமேல்,
பழைய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு
கிடக்கிறது.

"பின் கார்பரேட்டருடையது" என்றேன்.
வாங்கி, மூத்திரப் பரிசோதனைக் குப்பி ஒன்றில் போட்டு
மூடியை இறுக்கினேன்.
லேபிளில் பெயர் எழுத இடம் இருந்தது.
எழுதினேன்.