நாற்பத்தொன்றாவது சொல்

தேனாம்பேட்டை, மூன்றாவது மாடி.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
வெள்ளிக்கிழமைக்குள்
எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டும்.

தொலைமருத்துவம் சுலபம், முன்பே இருந்தது.
ஆனாலும் தட்டச்சும்போதெல்லாம் உறுத்தும்:
தொலை என்றால் தூரம்.
எங்கள் தெருவில்
தொலை என்றால் கண்ணில் படாமல் போ.

நோயாளியை எடுத்துவிட்டுப்
பயனாளி போடச் சொன்னார்கள். போட்டேன்.
முதலாளி, தொழிலாளி வரிசையில் உட்கார்ந்து
நோயை ஆண்டுகொண்டிருந்தவரைப்
பதவியிறக்கம் செய்த மாதிரி இருந்தது.

மருத்துவத் தகவலில் 'த்' வருமா என்று
இருபத்தைந்து நிமிடம் பேசினோம்.
வரும்.
அதற்குள் தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

நாற்பத்தொன்றில் நின்றுவிட்டேன்.
சம்மதம் என்றால் கல்யாண வாசனை.
ஒப்புதல் என்றால் யாரோ மேலதிகாரி
பச்சை மையில் கையெழுத்திடுகிறார்.
இசைவு அழகு.
காசிமேட்டில் யார் சொல்கிறார்கள் இசைவு என்று?

கேட்டுவிட்டே வரலாமென்று
பீச் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

நகர்ப்புற சுகாதார நிலையம்.
சுவரில் திரை, திரையில் டாக்டர் நூருல் ஹுதா.
வாய் முதலில் வந்தது, குரல் பிறகு.
அஞ்சலாட்சிக்கு ஐம்பத்தேழு வயது.
ஏலம் முடிந்து, எலுமிச்சைத் தோல் தேய்த்துக்
கை கழுவிவிட்டு வந்திருந்தார்.
மஞ்சள் பையில்
ஸ்டான்லி சீட்டு, ஜி.எச். ஸ்கேன்,
தண்டையார்பேட்டை ரத்தக் கணக்கு.
மூன்று ஆஸ்பத்திரியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள
என் பட்டியலில் முக்கால் வரி நீளத்துக்கு
ஒரு சொல் இருக்கிறது.
இங்கே அது, கைப்பிடி அறுந்து
முடிச்சுப் போட்ட பை.

"பதினாலு நம்பர் விழுந்துடுச்சுக்கா.
இப்ப ஓடிபி வரும், சொல்லுங்க,
டாக்டருக்கு ரெக்கார்டு தொறக்கும்,"
என்றாள் நர்ஸ் கிளாடிஸ்.
"எங்க வரும்?"
"நீங்க குடுத்த நம்பருக்கு."
"அது எம்புள்ள நம்பராச்சே."

பை மடிக்கு ஏறியது.
"கட்டின்னு தெரிஞ்சா
போட்டு எஞ்சினை வித்துப்புடுவான்மா.
இன்னும் நாலு தவணை கெடக்கு."

திரையில் டாக்டர் காத்திருந்தார்,
அல்லது உறைந்திருந்தார், தெரியவில்லை.
டவர் எட்டாத தண்ணீரில் எங்கோ
ஆறு இலக்கங்கள்
அந்தப் பையனைத் தேடிக்கொண்டிருந்தன.
கரை நெருங்கியதும் கண்டுபிடித்துவிடும்.

வெட்கமில்லாமல்
வந்த வேலையைக் கேட்டேன்.
"இதை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"
"எதை?"
"டாக்டர் பாக்கலாம்னு நீங்க சொல்றதை."
"நான் எங்க சொன்னேன்?
ஒடம்பு எங்கிட்ட,
சாவி அவங்கிட்ட."

கிளாடிஸ் பதில் பேசவில்லை.
கணினியில் எதையோ ரத்து செய்தாள்,
உறுதியா என்று அது கேட்டது, உறுதி என்றாள்.
பிறகு பையிலிருந்து ஸ்கேன் ஃபிலிமை உருவி
நாற்காலி மேல் ஏறி
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துக்
கேமராவைத் திருப்பச் சொன்னாள் என்னை.
"இது எந்தக் கணக்குலயும் வராது டாக்டர்."
"கொஞ்சம் மேல," என்றது குரல்.
அதன் பிறகே வாய் அசைந்தது.
அஞ்சலாட்சி திரையைப் பார்க்கவில்லை.
நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது.
நாற்பத்தொன்றில் ஒப்புதல் என்றே போட்டேன்,
எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.
குறிப்புப் பத்தியில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்:
யாருடைய கைபேசி என்று முதலில் கேட்கவும்.

திங்களன்று திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரே ஒரு திருத்தத்தோடு.
கைப்பேசி.
ப் மிகும்.